பெண் வரிசையில் வந்து நின்ற மாப்பிள்ளைகள்

எண்பத்து நான்காம் வருடம், ஐப்பசி மாதம். மதுரையில் தாவரவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி விடுமுறைக்குச் சொந்த ஊரான போடிக்கு வந்தவள், வீட்டில் கால் தரிக்காமல் சிலமலையில் இருக்கும் சித்தியின் சோளக்காட்டுக்கு ஓடினேன். அது சாப்பாட்டுச் சோளம் இல்லை. விதைக்காகப் போட்ட வீரிய ஒட்டுச் சோளம்.

நாலு வரிசை பெண் சோளம், இரண்டு வரிசை ஆண் சோளம் என்று மாற்றி மாற்றி விதைத்திருப்பார்கள். பெண் சோளத்தில் பூ வரும், மகரந்தம் வராது. ஆண் வரிசையின் தூள் காற்றில் பறந்து வந்து விழுந்தால்தான் மணி பிடிக்கும். அந்த மணிதான் ஒட்டு விதை. புத்தகத்தில் படித்துவிட்டு ஹாஸ்டலில் எல்லோர் காதையும் துளைத்துக்கொண்டிருந்த விஷயம், என் சொந்தச் சித்தியின் காட்டில் பூத்து நிற்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

சித்திக்கோ அது வேறு விஷயம். சித்தப்பா இறந்தபின் அவர் தனியாகப் பார்த்த முதல் வெள்ளாமை அது. சித்தப்பாவின் தம்பி சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவ பாருங்க மதினி. வெளங்கலேன்னா நெலத்த எங்கிட்ட விட்டுட்டு, பொட்டப் புள்ளைகள வளக்குற சோலியப் பாருங்க." சித்தியும் சரியென்று தலையாட்டியிருந்தார்.

போன அன்று காலையிலேயே பெண் வரிசைக்குள் நுழைந்து ஒரு கதிரைத் தட்டினேன். உள்ளங்கையில் மஞ்சள் தூள் கொட்டியது. பெண் கதிரில் தூளே இருக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதிலும் தூள். சித்தியைக் கத்திக் கூப்பிட்டேன்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. முளைத்த புதிதில் பெய்த மழையில் பெண் வரிசையில் அங்கங்கே பயிர் அழுகிவிட்டது. களையெடுக்க வந்தவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி, அடர்த்தியாக இருந்த இடத்தில் பயிரைக் கலைத்து, காலியாகக் கிடந்த இடத்தில் ஊன்றிவிட்டார்கள். அடர்த்தியாக நின்றது ஆண் வரிசை. அவர்களைப் பொறுத்தவரை சோளத்தில் ஆண் என்ன, பெண் என்ன.

மறுநாள் முற்பகலில் விதைச்சான்று அதிகாரி வருவதாக இருந்தது. பெண் வரிசையில் ஆண் கலந்திருந்தால், அதன் மணியும் ஒட்டு விதையோடு சேர்ந்துவிடும் என்று காட்டையே தள்ளிவிடுவார். ஆண் செடிகளைப் பிடுங்கியாக வேண்டும். அதுவும் காலையிலேயே. வெயில் ஏறிவிட்டால் பூ வாடி எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

சித்தி ஆள் கூப்பிட்டார். வந்தவர்கள் கதிரைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். "வாயும் வயிறுமா நிக்கிற பயிரப் பிடுங்கச் சொல்றியேத்தா. அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம்" என்று போய்விட்டார்கள். சித்திக்கும் உள்ளூர அதே எண்ணம்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நானும் சித்தியும் மட்டும் வரிசைக்குள் இறங்கினோம். நான் கதிரைத் தட்டிப் பார்ப்பதும், சித்தி பிடுங்கக் கை வராமல் நிற்பதுமாக நேரம் போனது. அப்போது ரோட்டில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. போடிமெட்டு மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறதாம். மேலே ஏலக்காய் பறிக்கப் போன பெண்கள் பாதியிலேயே திரும்பி வந்திருந்தார்கள். பாதை சரியானால் கூப்பிடுவதாக டிரைவர் சொல்ல, தண்ணீர் குடிக்க எங்கள் பம்புசெட்டுக்கு வந்தார்கள். யாரையும் எங்களுக்குத் தெரியாது.

அவர்களில் கனத்த குரல்காரி ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்தக்கா தொலச்சீங்க? தோடா, மூக்குத்தியா?"

நான் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு கதிரைத் தட்டி உள்ளங்கையைப் பார்த்தாள். "அப்ப இது புள்ளத்தாச்சி இல்ல. பொண்ணு வீட்டுப் பந்தியில சொல்லாமக் கொள்ளாம வந்து உக்காந்த மாப்ள." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் சித்தியிடம், "மொதக் கை நீ வையிக்கா. ஒன் பயிரு. அப்புறம் நாங்க பாத்துக்கிறோம்" என்றாள்.

சித்தி அந்தச் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிடுங்கினார்.

அப்புறம் காடே கலகலத்தது. ஆளுக்கொரு வரிசையில் பனியில் நனைந்துகொண்டு நடந்தார்கள். "இந்தா இங்கிட்டு ஒரு மாப்ள", "எந்திரிங்க மாப்ளே, ஒங்க பந்தி அங்கிட்டு" என்று குரல்கள். அதற்கு நடுவே ஒரு சின்னப் பெண், "பொண்ணு வரிசையில மட்டும் ஏங்க்கா தூள் இல்ல?" என்று கேட்டாளே, எனக்குச் சொல்லவா வேண்டும்?

ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன, உயிருக்கு வேண்டிய சக்தி அதில்தான் வேகிறது, அந்த அடுப்புக்கென்று தனியாக ஒரு மரபுச்சரடும் உண்டு என்றேன். சோளம், மக்காச்சோளம் மாதிரிப் பயிர்களில் அந்தச் சரடு தலைமுறை தலைமுறையாக அறுந்தும் இடம் மாறி ஒட்டியும் வந்திருக்கிறது. அப்படி ஒட்டியதில் ஏதோ ஒன்றுதான் தூளைக் கெடுக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள், முழுக்க யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். பயிருக்கு அது தாயிடமிருந்துதான் வருகிறது, நமக்கும் அப்படித்தான் என்று முடித்தேன்.

கனத்த குரல்காரி பக்கத்து வரிசையிலிருந்து கேட்டாள்: "அப்ப எங்காத்தா குடுத்த அடுப்பு எம் மகனோட அணஞ்சுபோகும், மக கையிலதான் எரியும்னு சொல்லு."

"ஆமா" என்றேன். இரண்டு பெண்களைப் பெற்ற என் சித்தி நிமிர்ந்து, "இத எங்கொழுந்தன் காதுல போடணும்டி" என்றார். சித்தப்பா போனபின் அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான்.

வெயில் ஏறுவதற்குள் கடைசி வரிசையும் முடிந்தது. ரோட்டில் ஜீப்பு ஹாரன் அடித்தது. கூலியைப் பற்றிச் சித்தி வாயெடுத்ததும், "நாளைக்கு நீ வந்து எங்களுக்கு ஏலக்கா பறிச்சுக் குடுக்கா, சரியாப்போகும்" என்று சொல்லிவிட்டு வெரசாக ஓடிப் போனார்கள். அவர்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

அதிகாரி வந்தார். வரிசை வரிசையாக நடந்து கதிரைத் தட்டினார். நாங்கள் தவறவிட்ட செடி ஒன்றை அவரே பிடுங்கி வரப்பில் போட்டபோது சித்தியின் கை என் தோளை இறுக்கியது. "ஒண்ணு ரெண்டு இருக்கத்தாம்மா செய்யும். காடு சுத்தம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த போகத்துக்கும் சித்திதான் விதைத்தார். நிலத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

நான் இப்போது மேற்படிப்பில் இதே மைட்டோகாண்ட்ரியாவைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன். பெண் சோளத்தில் தூள் இல்லாமல் போவதைப் பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடும் 'ஆண் மலட்டுத்தன்மை' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம், பனியில் நனைந்த சேலையோடு, முன்பின் தெரியாத ஒருத்தியின் நிலத்துக்காக வரிசை பிடித்து நடந்த அந்தப் பெண்களும் சேர்ந்தே என் கண்முன் வருகிறார்கள்.