டியூஷன் மிஸ்ஸின் தலையில் பேன்

பேன் முதலில் கொப்பியில்தான் விழுந்தது. எட்டாம் ஆண்டுத் தமிழ்க் கொப்பி. பெரியவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய தடித்த பின்னலிலிருந்து விழுந்த அது, நீலக் கோட்டின் மேல் ஒரு அவசரமும் இல்லாமல் நடந்தது. அவள் உள்ளங்கையால் பொத்தினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எதையும் காணாதவளாக யன்னலுக்கு வெளியே, கடற்கரை ரயில் போகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்படித் திருப்பியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் குமட்டுகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை. கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, முடியைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் டியூஷன் மிஸ் பிள்ளையின் தலையைத் தொடுவாளா? அந்த வீட்டில் நான் டியூஷன் மிஸ்.

உண்மையில் நான் எந்தப் பிள்ளைக்கும் மிஸ் இல்லை. கோட்டையில் ஒரு கப்பல் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிறவள். மிச்ச நேரத்தில் எழுதுகிறவள். நாற்பத்து நான்கு வயதில் அந்தப் பிள்ளைகளின் அப்பாவைக் காதலித்துக்கொண்டிருந்தவள். வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீட்டில் நான் வாசித்து முடிப்பதற்கு முன்னமே தனியாகக் கை தட்டி, சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க, காது சிவந்து நின்ற மனிதர் அவர். அந்தச் சிவப்புக்குத்தான் நான் விழுந்தேன். விவாகரத்தானவர். முன்னாள் மனைவி கனடாவில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளும் இவரோடு, காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடி பிளட்டில்.

நான் முதன்முதலாக அங்கே போன நாள். கையில் கேக் பெட்டி. லிப்ட் வேலை செய்யவில்லை. அவரோடு படியில் ஏறும்போது மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. அந்த வீட்டு அன்ரி என்னைச் செருப்பிலிருந்து மேல்நோக்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, அவரிடம், ஆர் இவ என்று கேட்டார்.

“பிள்ளையளுக்கு டியூஷன் குடுக்க வந்தவ.”

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அவர். மழைத் தண்ணி தேங்கிய இடத்தைச் சுற்றிப் போகிறவனைப்போல, என்னைச் சுற்றிப் போனார். கேக் பெட்டியோடு நின்ற டியூஷன் மிஸ்ஸைப் பார்த்து அன்ரி சிரித்தார்.

உள்ளே போனதும் மன்னிப்புக் கேட்டார். ஆக்கள் கதைப்பினம், சின்னவளுக்கு ஏழு வயது, விளங்காது, கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். பயந்த மனிதர். பயந்தவர்களின் பொய் ஈரமாக இருக்கும், தொட்டால் ஒட்டும். அந்தக் கொஞ்ச நாள் பதினான்கு மாதம் ஓடியது.

பொய்க்குச் சோறு போட வேண்டுமே. எட்டாம் ஆண்டுப் புத்தகமும் இரண்டாம் ஆண்டுப் புத்தகமும் வாங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்து, கோட்டையில் ரயில் ஏறி, வலப்பக்கம் கடல் என் முகத்தில் உப்புப் பூச, பிழிந்த துணியைப்போல வெள்ளவத்தையில் இறங்குவேன். சாப்பாட்டு மேசையில் பாடம். ஒருநாள் அவர் ஒரு வெள்ளைப் பலகை வாங்கிவந்து சுவரில் அடித்தார். ஆணி அடிக்கும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். காதலிக்கப் போன வீட்டில் எனக்கு விழுந்த முதல் பரிசு, கறுப்பு மார்க்கரும் அதை அழிக்கிற ஒரு பஞ்சுக் கட்டையும். அந்த மார்க்கரின் நாற்றம் இப்போதும் என் விரலில் இருக்கிறது. பிறகு மூன்றாம் மாடி அன்ரி தன் மகளையும் மேலே அனுப்பத் தொடங்கினார். நான் உயிரெழுத்தும் உவமையும் சொல்லிக்கொடுக்க, அவர் பின்னால் சோபாவில் இருந்து கிரிக்கெட் பார்த்தார். இடைக்கிடை, “மிஸ், தேத்தண்ணி?” என்று கேட்டார். அவருடைய வாயிலும் நான் மிஸ்.

சின்னவள் அதை முழுதாக நம்பினாள். ஆசிரியர் தினத்துக்குப் பசையும் மினுக்கமும் வழிய ஒரு வாழ்த்து மட்டை செய்து தந்தாள். வாங்கும்போது என் கண் நனைந்தது. நனைந்த கண்ணைப் பார்த்து எனக்கே அருவருத்தது: திருடிய சாமானை நெஞ்சோடு அணைக்கிற கள்ளியின் கண்.

வெள்ளிக்கிழமைகளில் தாய் கனடாவிலிருந்து வீடியோவில் வருவார். அங்கே விடிய, இங்கே பொழுதுபட. பிள்ளைகள் தாயோடு கதைக்கும்போது நான் படத்தில் விழாத மூலையில் நிற்க வேண்டும். ஒருநாள் சின்னவள் போனைத் திருப்பி, “அம்மா, இதுதான் எங்கட டியூஷன் மிஸ்” என்றாள். நான் அழிறப்பர் விழுந்ததுபோல மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். அங்கே காய்ந்த சோற்றுப் பருக்கை, யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம், கதிரைக் காலில் சுற்றிய முடி. அந்த முடியைப் பார்த்தபடி, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமிருந்து ஒளிந்திருக்கக்கூடிய ஆக ஊத்தையான இடம் இதுதான் என்று நினைத்தேன். மேலே சிரிப்புக் கேட்டது.

பெரியவள் மட்டும் நம்பவில்லை. எப்போதிருந்து என்று தெரியாது. ஒருநாள் எழுவாயும் பயனிலையும் எழுதிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்.

“மிஸ், நீங்க வாற நாளிலதான் அப்பா ஷேவ் எடுக்கிறவர்.”

நான் பலகையை அழிக்கத் தொடங்கினேன். அதற்கு அடுத்த கிழமைதான் கொப்பியில் பேன் விழுந்தது.

இரண்டு கிழமை கழித்து அது என் தலையில். கொப்பியின்மேல் குனிந்த இரண்டு தலைகள். வேறு வழியில் வர நியாயமில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் என் சட்டைக் கழுத்திலிருந்து எதையோ சுண்டிவிட்டு, என்னவென்று சொல்லாமல் தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தினாள். அந்தக் கொஞ்சத்தை நான் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன். நரைத்துவரும் தலையில் பேன். என் தலையணையில் பேன். எழுதும்போது தாளில் பேன். கொட்டாஞ்சேனையில் என் அறைக் கண்ணாடிக்கு முன்னால் மருந்து தேய்த்துச் சீவினேன். முன்பக்கம் சரி, காதோரம் சரி. தனியாக இருக்கிறவளுக்குத் தலையில் பின்பக்கம் கிடையாது. அது யாரோ பார்க்கவேண்டிய இடம். சந்தியில் இருக்கிற சலூனுக்குப் போனேன். அந்தப் பெண் என் முடியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, உடனே விட்டாள். “அனே மிஸ், உகுணோ” என்றாள். பேனுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அவளும் என்னை மிஸ் என்றாள்.

அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முதலில் சிரித்தார். பெரியவளின் தலையிலிருந்துதான் வந்திருக்கிறது, அவளுக்கு மருந்து போடவேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. எங்கட வீட்டில ஆருக்கும் இல்லையே என்றார். நான் கொப்பியில் கண்டதைச் சொன்னேன். அப்படியோ என்றார், பார்க்கிறன் என்றார். பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலாம் மாடியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே அவருடைய அக்காவின் குரல். மருந்துவாடை வெளியில்வரை வந்தது. சின்னவளின் தலையில் பேன் கண்டுவிட்டு வந்திருக்கிறார், பிள்ளைகளின் மாமி. இந்த அரியண்டம் எங்கேயிருந்து இந்த வீட்டுக்குள் வந்தது என்று கேட்டார்.

“டியூஷன் மிஸ்ஸிட்ட இருந்து வந்திருக்கும்” என்றார் அவர். “கொட்டாஞ்சேனையில இருந்து பஸ்ஸில வாறவ தானே.”

ரயிலில் வருகிறவள் நான். அதுகூடத் தெரியும் அவருக்கு.

“நான் அப்பவே சொன்னனான். தோட்டத்து ஆக்களிட்டப் பிள்ளையளை விடாதை எண்டு” என்றார் மாமி.

“ஓம்” என்றார் அவர்.

என் அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். அதை நான் அவரிடம் சொன்னது கடற்கரையோர வீதியில், அவர் எப்போதும்போல இரண்டடி தள்ளி நடந்த ஒரு மாலையில். சொன்னபோது அந்த இரண்டடியைக் குறைத்துக் கிட்ட வந்தார். அன்றைக்கு அவ்வளவு கிட்ட வந்த மனிதரின் வாயிலிருந்துதான் இந்த ஓம். ஆமாம் என்கிற சின்னச் சொல். பேன் அளவு. என் நெஞ்சில் நடந்துபோனது.

பொய் சொன்னதைப் பொறுத்தேன், பலகையைப் பொறுத்தேன், மேசைக்குக் கீழே குனிந்ததைப் பொறுத்தேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு இடம் வரும் என்று பார்த்திருந்தேன். வந்துவிட்டது: அழுக்கு எங்கேயிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் விரல் காட்டுகிற இடம். செருப்பைத் திரும்பக் கொழுவினேன்.

உள்ளே மாமி, பெரியவளின் முடியை ஒட்ட வெட்டிவிடுவம், அதுதான் சுகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் எங்கே என்று மாமி தேடுகிற சத்தம். அப்போதுதான் பெரியவளின் குரல்.

“அவவிட்ட இருந்து வரேல்லை மாமி. எனக்குத்தான் முதல் வந்தது, பள்ளிக்கூடத்தில. அவவுக்கு என்னட்ட இருந்துதான் போனது.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்பாவுக்குத் தெரியும்.”

அவ என்றாள். மிஸ் என்று சொல்லவில்லை.

நான் படியில் இறங்கினேன். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், பின்னால் வெறுங்காலின் தடதடப்பு. பெரியவள். முடியை முழுக்க அவிழ்த்திருந்தாள், இடுப்புவரை தொங்கியது. கையில் பேன் சீப்பு, கக்கத்தில் பழைய பேப்பர். மூச்சு வாங்கினாள்.

“நீங்க போனா ஆர் பாக்கிறது? பின்பக்கம் எனக்குப் பாக்கேலாது.”

போகத்தான் நினைத்தேன். அவளுக்கு அப்பா இருக்கிறார், மாமி இருக்கிறார், கத்தரிக்கோல் இருக்கிறது. நான் ஏன்? ஆனால் அவள் என் பதிலுக்குப் பார்த்து நிற்கவில்லை. எனக்கு ஒரு படி கீழே முதுகைக் காட்டி இருந்துவிட்டாள். பேப்பரை விரித்துத் தன் காலடியில் வைத்தாள். நானும் இருந்தேன்.

அழகான காட்சி என்று யாரும் நினைக்கவேண்டாம். முடியைப் பிரித்தால் தோல் முழுக்கச் சொறிந்த புண். மயிர்க்காலோடு ஒட்டிய ஈர், கோர்த்த வெள்ளைச் சவ்வரிசிபோல. வியர்வையும் எண்ணெயும் மருந்தும் கலந்து ஒரு புளித்த வாடை. சீப்பை அழுத்தி இழுக்க, பேப்பரில் பொலபொலவென்று விழுந்தன. ஒவ்வொன்றையும் நகத்தில் வைத்து நசுக்கினேன். அந்தச் சத்தம். எழுத்தில் எத்தனையோ சத்தங்களைப் பிடித்திருக்கிறேன், அந்தச் சத்தத்துக்கு நிகராக உண்மையான ஒன்றைப் பிடித்ததில்லை. எனக்கு ஓங்காளித்தது. நிறுத்தவில்லை. பதினான்கு மாதத்தில் அந்தப் பிள்ளையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

கீழேயிருந்து மூன்றாம் மாடி அன்ரி மரக்கறிப் பையோடு ஏறிவந்தார். தன் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். விரித்த பேப்பர், அவிழ்ந்த தலை, என் நகம். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

“என்ன மிஸ், இதுவும் பாடமோ?”

நான் வாயைத் திறக்கமுதல் பெரியவள், தலை குனிந்தபடியே, முடித் திரைக்குள்ளிருந்து சொன்னாள்.

“இது டியூஷன் இல்லை அன்ரி.”

அன்ரிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் மாதச் சம்பளத்துக்கு யாரும் யாருக்கும் பேன் பார்ப்பதில்லை. ம் என்றார். கதவைச் சாத்தவில்லை; ஒருக்களித்து வைத்துக்கொண்டார். நாளைக்கு விடிய முழுக் கட்டடத்துக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும். பதினான்கு மாதம் ஒரு மனிதரின் வாயில் வராத சொல்லை, ஒரு பிள்ளை பேன் பேப்பரின்மேல் போட்டுவிட்டது.

மேலே கதவு கிறீச்சிட்டது. அவர் வந்து படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷேவ் எடுத்த முகம். நான் ஒரு தரம் பார்த்தேன். காது சிவந்திருந்தது. முன்பு எதற்கு விழுந்தேனோ, அதே சிவப்பு. இப்போது பார்க்க அருவருப்பாக இருந்தது. பிறகு அவர் எத்தனையோ சொன்னார், மாதக் கணக்கில் சொன்னார். சில சொற்களை ஏற்றுக்கொண்டேன். அந்த ஓம் என்ற சொல்லை மட்டும் இன்னும் நசுக்கி முடிக்கவில்லை. அன்றைக்கு அவர் கேட்டது, “இங்கயோ? வெளியிலயோ? உள்ளுக்கு வாங்கோவன்” என்பதுதான். யாரும் எழும்பவில்லை. பிறகு சின்னவளின் குரல் உள்ளே கூப்பிட, போனார்.

சீவி முடித்தேன். பேப்பரை மடித்தேன். பெரியவள் எழும்பி, முடியைச் சுழற்றிக் கொண்டை போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு படி மேலே ஏறி இருந்தாள். சீப்பை என் கையிலிருந்து வாங்கினாள்.

“இப்ப நீங்க திரும்புங்கோ.”

வேண்டாம் என்றேன். நான் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், ஊத்தை, உனக்கு ஏன் என்றேன். அவள் என் கொண்டை ஊசியை ஏற்கனவே உருவியிருந்தாள். யாருடைய கையும் வந்து எத்தனையோ காலமான பின்கழுத்தில் சின்ன, சூடான, மருந்து நாறுகிற விரல்கள்.

“சீ” என்றாள். “எவ்வளவு கிடக்கு.”

எனக்கு ஒரு இடத்தில் இருக்க வராது. கதிரையில், வேலையில், கவிதையில், எங்கேயும். அன்றைக்கும் தோள் தானாக நெளிந்தது. அவள் சீப்பின் முதுகால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“அசையாதைங்கோ.”

அசையாமல் இருந்தேன்.