தங்கை கல்யாணத்தில் என் சாக்சபோன்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்டில் சாக்சபோன். ரேடியோவில் ஜாஸ் கேட்டுக் கெட்டுப்போன பிறகு, பேண்டில் ஊதும் சினிமாப் பாட்டெல்லாம் எனக்கு மட்டமாகிவிட்டது. நானே ஒன்று அமைக்கத் தொடங்கினேன். சாக்சபோன் மட்டும்தான், தாளம், துணை எதுவும் கிடையாது. ஒரே மூச்சில் இரண்டு சுரத்தைச் சேர்த்துக் கிளப்புவது, ஊதாமல் விரலால் மூடிகளை மட்டும் தட்டுவது, குழலுக்குள் வெறும் காற்றை விடுவது, நடுவில் நீளமாக ஓர் அழுகை. ஒரு வருஷம் பிடித்தது. ஷிஃப்ட் முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தில் பழகுவேன்.

"இன்னாப்பா, பைப்பு லீக் ஆவுதா?" என்று கேட்டார் எங்கள் ஃபிட்டர். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவரை மன்னித்தேன்.

யாராவது ஒருவர் அதைக் கேட்டு, இதுவும் பாட்டுதான் என்று சொல்ல வேண்டும். அந்த ஏக்கம் என்னைத் தின்றது. தன் கல்யாணத்தில் அதை வாசிக்கச் சொன்னவள் என் தங்கை ஒருத்திதான்.

தாலி கட்ட இன்னும் அரை மணி இருந்தது. மேளக்காரர்களிடம் கெஞ்சி இடைவெளி வாங்கி, மேதைகள் செய்வதாக நான் நினைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். அழுகைப் பகுதி பாதி தாண்டவில்லை. தவில்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். தும்மல், அழுகை என்று மணவறையில் ஆகாத சத்தம் எதுவும் காதில் விழாமல் அமுக்கத்தானே கெட்டிமேளம். ஜனங்களோ தாலி ஏறிவிட்டதென்று அட்சதையை வீசினார்கள். தாலி தட்டிலேயே இருந்தது. மாப்பிள்ளை தலை நிறைய அரிசியோடு விழித்தார். அப்பா பார்த்த பார்வையில் சாக்சபோனை உறைக்குள் போட்டேன்.

அவமானம் தாங்காமல், எளாவூர் டீக்கடை வரைக்கும் போய், அங்கே இருந்தவர்களிடமெல்லாம் அந்தத் தவில்காரரைத் திட்டினேன். ஆடிக்கு வீட்டுக்கு வந்த தங்கையிடமும் ஆரம்பித்தேன்.

"அவர இன்னாத்துக்குண்ணா திட்டினுகீற?" என்றாள். "உன் வாத்தியத்துக்காக அவரு அடிக்கல. நான் அழுதுகினு இருந்தேன். அதப் பாத்துதான் அடிச்சாரு."

"ஊட்ட உட்டுப் போறமேன்னா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. நீ ஊதினதக் கேட்டு."

வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நான் ஒரு வருஷம் தேடிய ஒரே ரசிகை எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். நான் மேதையாகத் தெரிவதில் மும்முரமாக இருந்திருக்கிறேன்.