நேராக நின்ற கதவு

ஒரு கார் கதவின் இடுக்கைப் பார்த்தே ஒரு மனிதனைப் போலீசில் மாட்டிவிட்டவன் நான். வயசாகிவிட்டது, மனசைக் கொஞ்சம் இளக்கிக்கொள்ளப்பா என்று எங்கள் மாதா கோயில் சாமியாரும் சொல்லிப் பார்த்துவிட்டார். இளகமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

ஈஜோக்கைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பிட்டர். மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு இரண்டாவது வருஷம். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே கேட். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டப் போகிற பெண்பிள்ளை மடியில் ஒரு பிடி பழைய சோறு இருந்தாலும் போச்சு. எல்லோரும் வெறும் வயிற்றோடு போய் வெட்டிவிட்டு, வெயில் ஏறித் திரும்பி வந்துதான் வாயில் ஏதாவது போட வேண்டும்.

பட்டறையில் எனக்கு எல்லா வேலையும் உண்டு. பால் லோரி, மெஷின், தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் கார், எதுவானாலும் என்னிடம்தான் வரும். ஆனால் என் கை பேசுவது கார் கதவில்தான். அந்தக் காலத்துக் கார்களின் உடம்புக்குள் பாதி மரம். எங்கள் ஊர் ஈரத்துக்கு மரம் உப்பும், கீல் துருப்பிடிக்கும், கதவு தொங்கும். கதவுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மேலிருந்து கீழ்வரை ஒரு தீக்குச்சியை ஓட்டிப் பார்ப்பேன். ஒரே சீராக ஓடினால் கதவு நேர். மேலே சிக்கிக் கீழே ஆடினால் கதவு தொங்கிவிட்டது. மேலே ஆடிக் கீழே சிக்கினால் கதவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிறகு கீலுக்குப் பின்னால் தகடு கொடுத்தோ எடுத்தோ சரி பண்ண வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயசு. மூன்று வயசில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்தவன். நாகப்பட்டினம் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில், அவன் பால் வெட்டுகிற மர நிரையில், ஒரு மரத்தடிச் சருகுக்கு அடியில் துணிப் பையில் அரிசி கிடந்தது என்று சொல்லி அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அதை அங்கே வைத்ததைப் பார்த்தேன் என்று யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தாராம். கோர்ட்டு, வக்கீல் எதுவும் கிடையாது. முகாமில் அடைத்தார்கள். விசாரணை முடிந்ததும் விடுவோம், இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுவோம் என்றார்கள்.

யார் எழுதிக் கொடுத்தது என்பதைத் தொரையின் டிரைவர் அண்ணன்தான் எனக்குச் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“சத்தம் போடாத. நம்ம பெரிய கிராணிதான் எழுதிக் குடுத்தது. ஸ்டேசன்ல ஜன்னல் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன். படிச்சுக் காட்டுனாங்க. என் காதால கேட்டேன்.”

பெரிய கிராணி! தோட்டத்து ஆபீசின் தலைமைக் கிளார்க், தொரைக்கு அடுத்த ஆள். எங்கள் எல்லோருடைய ரேஷன் அட்டையும் அவன் கையெழுத்தில்தான் ஓடுகிறது. எங்கள் பாஷை பேசுகிறவன், எங்கள் கோயிலுக்கே வருகிறவன், முன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவன். பாவி! என் தம்பி அவனுக்கு என்ன கெடுதல் செய்தான்?

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் நேரே அவன் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றுவாள், மறுநாளே எங்கள் அட்டையும் போய்விடும். முகாமில் தம்பியைப் பார்க்கப் போனால் இரண்டு கம்பி வேலி, நடுவில் துப்பாக்கியோடு ஒருவன். கடிதம் எழுதினால் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆகவே உள்ளுக்குள்ளேயே வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், நமக்குத் தீமை செய்தவர்களை மன்னிக்கிற இடம் வரும்போது வாயை இறுக மூடிக்கொண்டு கிராணியின் பிடரியையே பார்ப்பேன். ஒருநாள் கூட அந்த வரியைச் சொன்னதில்லை.

அவனிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு சின்ன தொரையிடம் வாங்கியது. அதன்மேல் அவனுக்கு அப்படியொரு பெருமை. நின்றால், நடந்தால் கதவு இடுக்கில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆபீஸ் காகிதங்களோடு கோலசிலாங்கூர் டவுனுக்குப் போவான். போகிற வழியில் பட்டறையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொள்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை காற்று அடிக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். இடது கதவு தொங்கியிருந்தது. தேய்ந்துபோன கீல், அடுத்த வாரம் தானாகவே கொண்டுவருவான் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அதே கார் நின்றது. கதவு நேராக இருந்தது. சட்டைப்பையிலிருந்து குச்சியை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை.

தேய்ந்த கீல் இறங்கினால் இறங்கினதுதான், தானாக ஏறாது. நான் தொடவில்லை. தோட்டத்தில் வேறு பிட்டரும் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தொங்கியது, ஞாயிற்றுக்கிழமை மறுபடி நேராக நின்றது. மூன்றாவது வெள்ளிக்கிழமை இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் புழுக்கத்திலும் இடது கண்ணாடியை இறக்காமல் வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை இறக்கினால் அது கதவின் வயிற்றுக்குள் போக வேண்டும். வயிற்றுக்குள் இடமில்லை. அங்கே கனமாக ஏதோ இருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. தோட்டத்திலிருந்து அரிசி வெளியே போகிறது என்று போலீசுக்கு வாடை அடித்திருக்கிறது. ஆள் கேட்டிருக்கிறார்கள். தன் தலை தப்புவதற்காக என் தம்பியின் தலையைப் பிடித்து நீட்டிவிட்டிருக்கிறான். ஸ்பேனரை அப்படியே அவன் மண்டையில் போட்டிருப்பேன். போட்டால் தம்பி வருவானா? அரிசிக்காரன் யார் என்று போலீசே தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் தம்பியை விட்டுத்தானே ஆக வேண்டும்? அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஆனால் தொங்குகிற கதவைக் காட்டி என்ன சொல்வது? தோட்டத்துக் கார்களில் தொங்காத கதவு எது? கேட்டில் நிற்கும் போலீஸ் சார்ஜன் சிரிப்பார். யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கிராணியே என்னைத் தேடி வந்தான். வெள்ளிக்கிழமை காலை, எல்லோரும் வெட்டுக்குப் போயிருந்த நேரம்.

“ஏம்பா பிட்டரு, இந்த இடது கதவு கொஞ்சம் தொங்குது பாரு. அசிங்கமா இருக்கு. நேராக்கிக் குடு.”

“உள் அட்டையக் கழட்டிப் பாத்துடலாங்க ஐயா.”

“அதெல்லாம் வேணாம்!” என்று கத்தியேவிட்டான். பிறகு குரலை இறக்கினான். “கீல மட்டும் பாரு. போதும். ஒன் தம்பி விசயமா பெரியவங்ககிட்ட பேசியிருக்கேன்பா. கவலப்படாத.”

அந்த வார்த்தை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க ஐயா” என்றேன். பால் டின் தகட்டை வெட்டி மூன்று மடிப்பாகக் கீழ்க் கீலுக்குப் பின்னால் கொடுத்தேன். உள்ளே கனம் இருக்கும்போதே கதவை நேராக்கினேன். அரிசி இருந்தால் கதவு நேராக நிற்கும். அரிசி இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு நிற்கும். அவன் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, “சபாஷ்லா!” என்றான். கேட்டில் காவலர்கள் கையை ஆட்டி வழி விட்டார்கள். பெரிய கிராணி காரை யார் நிறுத்துவது?

திங்கட்கிழமை மறுபடி வந்தான். முகம் சரியில்லை.

“என்னப்பா, மத்த நாள்ல கதவு தூக்கிக்கிட்டு நிக்கு...” என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

“மத்த நாள்லயா? எந்த நாள்ல நேரா நிக்குதுங்க ஐயா?” என்று கேட்டேன்.

“ஒன்னுமில்ல. சும்மா கேட்டேன்” என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நான் தனியே உட்கார்ந்து சிரித்தேன். தம்பியைக் கொண்டுபோனபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

கேட்டுக்குப் பொறுப்பு ஒரு மலாய்க்கார சார்ஜன். நிதானமான மனிதர். அவருடைய சைக்கிளுக்கு நான்தான் சங்கிலி மாட்டிக் கொடுப்பேன். அவரிடம் மலாயில் சொன்னேன்: கிராணி காரின் இடது கதவு கோணலாக இருக்கிற நாளில் விட்டுவிடுங்கள், நேராக நிற்கிற நாளில் பிரித்துப் பாருங்கள்.

“தலைகீழாச் சொல்றியே. கோணலா இருந்தாத்தானே சந்தேகப்படணும்?” என்றார்.

அன்று மாலையே அந்தக் கார் கேட்டருகில் நின்றபோது அவர் கையில் தீக்குச்சியைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். மேலே ஆடியது, கீழே சிக்கியது. வெள்ளிக்கிழமையும் ஓட்டிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும் என்றேன். உள்ளே அரிசி இருந்தால் என் தம்பி நிரபராதி என்று உங்கள் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் கேட்டேன். சொல்கிறேன் என்றார். சொன்னபடி சொல்லவும் செய்தார், அவர்மேல் எனக்குக் குறையில்லை.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் குச்சி மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டு ஓடியது. சார்ஜன் காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, கதவைப் பிரிக்க வேண்டும், பிட்டரைக் கூப்பிடு என்றார். திருப்புளியோடு போனேன். கிராணி முகத்தில் ஈயாடவில்லை. உள் அட்டையில் எட்டுத் திருகாணி. ஒவ்வொன்றையும் மெதுவாகக் கழற்றினேன், வேண்டுமென்றேதான். கடைசி ஆணி வந்ததும் அட்டை சாய்ந்தது. நீளநீளமாகத் தைத்த துணிப் பைகள் உள்ளே அடுக்கியிருந்தன. ஒன்று கிழிந்து அரிசி என் காலில் கொட்டியது.

அவன் என்னைப் பார்த்தான். “நீயா?” என்றான், வாய்க்குள்ளேயே.

கிட்டப் போய் அவன் காதில் மட்டும் விழும்படி சொன்னேன். “ஒங்க விசயமா நானும் பெரியவங்ககிட்ட பேசியிருக்கேங்க ஐயா. கவலப்படாதீங்க.”

அந்த நிமிஷத்தின் ருசி இருக்கிறதே! பொய் சொல்லப் போவதில்லை. என் கல்யாணத்தன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்து வயிறு முட்டக் கஞ்சி குடித்தேன். பிட்டர் என்பதால் கூப்பிட்டார்கள், போய்க் கழற்றினேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தம்பி எப்போது வருவான் என்று நாளை எண்ண ஆரம்பித்தேன்.

நாலாம் நாள் என்னை ஸ்டேசனுக்கு வரச் சொன்னார்கள். வெள்ளைக்கார அதிகாரி பேசப் பேச, ஒரு தமிழ்க் கிளார்க் தமிழில் சொன்னார். மரத்தடியில் கிடந்த பையும் கதவுக்குள் இருந்த பையும் ஒரே துணி, ஒரே தையல். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிராணி வீட்டில் அந்தக் காரைக் கழுவியது யார்? என் தம்பி. நான் அதை மறந்தே போயிருந்தேன், அவர்கள் மறக்கவில்லை. ஆகவே இரண்டு பேரும் ஒரே கூட்டம் என்றார்கள்.

“அவன்தானேய்யா என் தம்பிமேல எழுதிக் குடுத்தான்!” என்று கத்தினேன்.

“கூட்டாளிங்களுக்குள்ள தகராறு வந்தா எழுதிக் குடுக்கறதுதான்னு இந்தத் தொரை சொல்றாரு” என்றார் கிளார்க்.

வெளியே வந்தபிறகு அவர் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அதை என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். “சாட்சி பத்தாதுன்னு ஒன் தம்பி கேசு பைலத் தனியா எடுத்து வச்சிருந்தாங்கப்பா. ரெண்டு மாசத்துல விட்டிருப்பாங்க. இப்ப இந்தக் கார் வந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சு.”

இரண்டு பேரையும் ஒரே கப்பலில் ஏற்றினார்கள். துறைமுகத்தில் கிட்டப் போக விடவில்லை. கிராணியின் பெண்டாட்டியும் இரண்டு பெண்பிள்ளைகளும் எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்று அழுதார்கள். அம்மா அந்தப் பக்கம் போய் அந்தத் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து தம்பியின் முதல் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாய்விட்டுப் படித்தேன்.

“அண்ணே, நம்ம பெரிய கிராணி ஐயாதான் என்னை இங்கே வைத்துச் சோறு போடுகிறார். கப்பலில் காய்ச்சல் வந்து கிடந்தபோது தன் போர்வையை எனக்குப் போர்த்திவிட்டு அவர் குளிரில் உட்கார்ந்திருந்தார். பெற்ற தகப்பன்கூட இப்படிப் பார்க்கமாட்டான். காட்டு ஆட்கள் அவர் பெண்பிள்ளைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியதால்தான் அரிசி கொடுத்தாராம். ராத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். அவரைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். தெரியும், ஆனால் உன்னிடம் சொல்லமாட்டேன் என்கிறார். அண்ணே, நீ அங்கேதானே இருக்கிறாய். அந்தத் துரோகி யார் என்று கண்டுபிடி. விட்டுவிடாதே.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுசனக் காட்டிக் குடுத்தவன் கையி அழுவிப் போவும்டா. அவன் வெளங்கவே மாட்டான். பதில் எழுது, தம்பி காத்துக்கிட்டு இருப்பான்” என்றாள்.

தாளை எடுத்து அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். “தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் விடமாட்டேன்.”