நன்னடத்தை விஷயமாக வந்தவர்

குற்றவியல் எம்.ஏ. படித்து முடித்தால் பட்டமளிப்பு விழாவிலேயே தோளில் இரண்டு நட்சத்திரம் குத்தி, கீழே நிற்கும் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்தோரு வயதில், விலங்கியலில் பட்டம் வாங்கிய ஒரு ஆண்பிள்ளை மெய்யாகவே அப்படி நம்பினான். ஜீப்புக்கு டிரைவர் தருவார்களா, நாமே ஓட்டப் பழக வேண்டுமா என்பது மட்டும்தான் அப்போது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

காரைக்குடிப் பக்கம் அந்தப் படிப்பு கிடையாது. மெட்ராஸ் போக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு இடம் கிடைத்த வாரம், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே நின்றவர்களிடம், மகன் போலீஸுக்குப் படிக்கப் போகிறான் என்று சொல்லிவைத்தார். யாரோ ஒருவர், டி.எஸ்.பி.க்கா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் நான் டி.எஸ்.பி. ஆகியிருந்தேன். எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும் விஷயம் வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது. "குத்தம் செய்யிறதுக்குக் கூடவாடா படிப்பு இருக்கு?" என்று கேட்டார். அப்போது சிரித்தேன்.

வகுப்பில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு பேராசிரியர், குற்றவாளியை உண்டாக்குவது சமூகம் என்றார். அடுத்த மணியில் வந்தவர், சட்டம் போட்ட பிறகுதான் குற்றமே உண்டாகிறது என்றார். மூன்றாமவர் பழைய காலத்துக் கொள்கை ஒன்றைச் சொன்னார். குற்றவாளியைக் காது, தாடை அமைப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். அது தப்பு என்று நிரூபித்துவிட்டார்கள் என்பதை மணி அடித்ததற்கு அப்புறம் சொன்னார். நான் அதற்குள் விடுதிக்குக் கிளம்பிவிட்டேன். அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று என் காதை ஸ்கேலால் அளந்தேன். நிலவரம் சரியாக இல்லை. ஒரு வாரம் காதுக்கு மேலே முடி வளர்த்தேன்.

இரண்டாம் வருடம் தைரியம் வந்து, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். சிறைத்துறை இருக்கிறது, சிறுவர் இல்லங்கள் இருக்கின்றன, ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வேலை இருக்கிறது, ஆராய்ச்சி செய்யலாம், தடய அறிவியல் கூடம் என்றால் வேதியியல் படித்திருக்க வேண்டும். சார், போலீஸ் என்று இழுத்தேன். அதற்குத் தனிப் பரீட்சை, உயரம் பார்ப்பார்கள் என்றார். சொல்லிவிட்டு என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். தலை சீக்கிரமே வந்துவிட்டதால் பார்வை மறுபடி கீழே இறங்கிப் போனது. உயரத்தில் எனக்கு மூன்று விரற்கடை குறைவு. அதை நான் ஊருக்கு எழுதவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

கடைசிப் பருவத்தில் ஆய்வுக்கட்டுரைக்காக ஒரு கிளைச் சிறையில் கைதிகளிடம் கேள்வி கேட்கப் போனேன். நாற்பது கேள்வி அச்சடித்து வைத்திருந்தேன். பம்புசெட் மோட்டார் திருடிய வழக்கில் விசாரணைக்காகக் காத்திருந்த ஒருவர் முப்பத்தெட்டுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். முப்பத்தொன்பதாவது கேள்வியில் இன்லேண்ட் கடிதம் ஒன்றை என் தாளுக்கு அடியில் தள்ளினார். சிறையிலிருந்து போகும் கடிதத்தை அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அது எனக்குத் தெரியும், பரீட்சையில் அதற்கு மார்க்கே வாங்கியிருக்கிறேன். தெரிந்தும் வெளியே வந்து தபால்பெட்டியில் போட்டேன். போடுவதற்கு முன் படித்தும் பார்த்தேன். சினை ஆட்டை விற்றுவிடாதே என்று பெண்டாட்டிக்கு எழுதியிருந்தார். அவ்வளவுதான். ஆனால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் அடுத்த மூன்று வருடம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

பட்டம் வாங்கி ஊர் திரும்பினேன். வேலை வரவில்லை. ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வேலைக்குப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களைத்தான் கேட்டார்கள். தேவகோட்டையில் ஒரு டுட்டோரியலில் விலங்கியல் பாடம் நடத்தினேன். கோயில் வாசலில், டி.எஸ்.பி. எப்ப டியூட்டியில சேருறாக என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பாவுக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பவர் கூடியிருக்கும்.

அப்போதுதான் நன்னடத்தை அலுவலர் வேலைக்கு விளம்பரம் வந்தது. முதல் தடவை தப்புச் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருக்கும்படி நீதிமன்றம் வெளியே விடும். அவரைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி. என் படிப்புக்கென்றே வெட்டித் தைத்த மாதிரி வேலை. அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "தொப்பி உண்டா?" என்றார். இல்லை என்றேன். லத்தி? அதுவும் இல்லை. அவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஆனாலும் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தது அவர்தான். அடுத்த மார்ச்சில் அவருக்கு ஓய்வு. எனக்கும் வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இது போனால் அடுத்தது இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத்தில், பரோலில் போகிறவருக்கும் நன்னடத்தையில் விடப்படுகிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். இதற்குப் பதில் சொல்லத்தான் நான் பிறந்தேன் என்கிற தோரணையில் பதில் சொன்னேன். பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் இரண்டையும் மாற்றிச் சொன்னது உறைத்தது. நாலைந்து மாதம் தபால் எதுவும் வரவில்லை. போச்சு என்று முடிவு கட்டினேன்.

இந்த இடத்தில் பாடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். சட்டத்தில் நன்னடத்தை என்ற சொல் இன்னொரு இடத்திலும் வரும். தொடர்ந்து வம்பு செய்கிற ரவுடிகளைப் பிடித்து, இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவார்கள். அதற்குப் பெயர் நன்னடத்தைப் பிணை. படிக்காதவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை காலை. அப்பா பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று போயிருந்தார், அம்மா மீன் வாங்கப் போயிருந்தார். கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தேன். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, கக்கத்தில் ஒரு கோப்பு. கீழே பார்த்தேன், பிரவுன் ஷூ. மஃப்டியில் வரும் போலீஸை ஷூவை வைத்துக் கண்டுபிடிக்கத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எம்.ஏ. தேவையில்லை. என் பெயரைச் சொல்லி, இருக்காரா என்று கேட்டார்.

"நன்னடத்தை விஷயமா விசாரிக்கணும்" என்றார்.

இன்லேண்ட் கடிதம் மறுபடி பெட்டிக்குள் விழுந்தது. மூன்று வருடம் கழித்து அந்தப் பம்புசெட் மோட்டார்க்காரர் யாரிடமோ வாயைத் திறந்திருக்கிறார், என்னை ரவுடிப் பட்டியலில் சேர்த்து எழுதி வாங்க வந்திருக்கிறார்கள் என்று கண் இமைக்கும் நேரத்தில் வழக்கை முடித்துவிட்டேன்.

"அவுக ஊர்ல இல்லை" என்றேன்.

"எங்குட்டுப் போயிருக்காரு?"

"கல்லலுக்கு. அங்க ஒரு சாவு."

"நீங்க?"

"தம்பி."

அவர் கோப்பைத் திறந்து பார்த்தார். "ஒரே மகன்னுல்ல போட்டிருக்கு."

"சித்தப்பா மகன். தம்பி முறை."

அப்படியா என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆள் எப்படி, குடி, சீட்டு ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லாவற்றையும் மறுக்கிற சாட்சியை நம்பமாட்டார்கள் என்று படித்திருந்தேன். ஆகவே சிறிய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

"சீட்டு ஆடுவாக. கிறிஸ்துமஸுக்கு மட்டும்."

"கேஸு கீஸு?"

"கடுதாசி தவிர வேற ஒண்ணும் இல்லை."

"என்ன கடுதாசி?"

"கடுதாசி எழுதுவாக. சொந்தக்காரவுகளுக்கு. நெறைய எழுதுவாக."

அவர் கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து குடித்தார். "உங்க அண்ணன் வந்தா ஸ்டேஷனுக்கு ஒரு நடை வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்தேன்.

அம்மா திரும்பிவந்து தட்டியபோது ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் திறந்தேன். அம்மாவின் முகத்தில் வெளிச்சம். போலீஸ்காரர் ஒருவர் காலையிலிருந்து தெருவில் என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். டீக்கடையில் கேட்டாராம், கோயிலை ஒட்டிய சாமியார் பங்களாவில் கேட்டாராம், எதிர்வீட்டு அக்காவிடமும் கேட்டாராம்.

"உனக்கு வேலை ஆயிருச்சாம்டா. ஆளு எப்படின்னு போலீஸ் எழுதிக் குடுத்தாத்தான் ஆர்டர் போடுவாகளாம். இங்குட்டு வந்தாரா, இல்லையா?"

டீக்கடைக்காரருக்குப் புரிந்திருக்கிறது. அக்காவுக்குப் புரிந்திருக்கிறது. மீன்காரிக்குக்கூடப் புரிந்து, அம்மாவுக்கு ஒரு மீன் கூடப் போட்டிருக்கிறார். தெருவிலேயே அதற்குப் படித்தவன் ஒருவனுக்குத்தான் புரியவில்லை.

வந்தார் என்றேன். என்ன சொன்னாய் என்று அம்மா கேட்டார். அவன் ஊரில் இல்லை என்று சொன்னேன் என்றேன். எவன் என்று அம்மா கேட்டார்.

பிறகு எனக்குக் கிறுக்குப் பிடித்த கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பழைய நோட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். போலீஸிடம் பொய்த் தகவல் கொடுத்தது ஒன்று. ஆள் மாறாட்டம் இரண்டு. ஆனால் நான் மாறிய அந்தத் தம்பி உலகத்திலேயே இல்லை. இல்லாத ஆளாக மாறினால் அது மாறாட்டம் ஆகுமா? என் பெயரை நானே கெடுத்ததற்கு நானே வழக்குப் போட முடியுமா? ஒரு பிரிவைப் படித்தால் தப்பித்தேன், அடுத்ததைப் படித்தால் உள்ளே போனேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "நோட்டைப் பொரட்டாத. போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஸ்டேஷன் வாசலை இரண்டு தடவை கடந்தும் போனேன். மூன்றாவது தடவை அவரே வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இறங்கினேன். எதிரில் நின்று, நான் தம்பி இல்லை, கல்லலில் சாவும் இல்லை, நான்தான் அவன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். கோப்பைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். முதல் பக்கத்தில் என் விண்ணப்பம். வலது மூலையில் ஸ்டூடியோவில் எடுத்த என் போட்டோ, காது இரண்டும் நன்றாகத் தெரிய.

"கதவத் தொறந்ததுமே தெரியும்" என்றார். "எம்புட்டுத் தூரம் போறீகன்னு பாத்தேன். கல்லல் வரைக்கும் போயிட்டீக."

அப்படியானால் அறிக்கையில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். தெருவில் விசாரித்து அதையெல்லாம் முன்னாலேயே எழுதியாகிவிட்டது என்றார். என் வீட்டுக்கு வந்தது ஒரு கையெழுத்துக்காக மட்டும்தானாம்.

"ஊர்ல இல்லாத ஆளுகிட்ட எப்படித் தம்பி கையெழுத்து வாங்குறது?"

அத்தோடு விட்டிருக்கலாம். உண்மை ஒன்று வெளியே வந்ததும் மற்றதும் கூடவே வரப் பார்த்தது. சார், அந்தக் கடுதாசி என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"கடுதாசிய நான் கேக்கலை. இங்குட்டுப் போடுங்க."

போட்டேன். விண்ணப்பத்தில் இருந்த கையெழுத்துக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லாமல் போனது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பைக் கட்டினார்.

ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்தது. வேறு மாவட்டம். முன்நடத்தை குறித்து ஆட்சேபணை ஏதும் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அப்பா அதைச் சத்தம் போட்டு இரண்டு தடவை படித்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலையில் சேர்ந்தேன்.