ஃபைலை மூடுவதற்குள் நின்ற ஜெனரேட்டர்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு, கல்வராயன் மலையில் கரியாலூரில் நடந்தது இது. நான் அப்போது கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே சி தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. உண்மையா என்று யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை, நானும் பார்க்கவில்லை.

இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளையிலிருந்து எங்கள் சென்டருக்கு வந்தார்கள். முகாமில் நோட்டில் எழுதி, பிறகு அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குள் பாதிப் பெயர் வேறு பெயராகிவிடுகிறது, வருகிறவர்களை அங்கேயே நேராகப் பதிவுசெய்ய ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்கள். பெயர், கிராமம், எந்தக் கண், டாக்டர் சொன்னது, ஆபரேஷனுக்கு அழைத்துப்போகும் வேன் எங்கே வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விவரம். நான் எழுதித் தருகிறேன் என்றேன். முகாமுக்கும் நீயே வா என்றார்கள்.

சி மொழியில் டேட்டாபேஸ் ஃபைலைக் கையாள எங்களிடம் ஒரு லைப்ரரி இருந்தது. லைப்ரரி என்றால் புத்தகங்கள் இருக்கும் இடமில்லை, யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த கட்டளைகளின் தொகுப்பு. ஃபைலைத் திற, ஓர் ஆளைச் சேர், மூடு என்று நாம் சொன்னால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஃபைலின் ஆரம்பத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் வால் பக்கம் போய் உட்காருவார்கள். ஆனால் ஆரம்பத்தில் இருக்கும் அந்த எண்ணை, ஃபைலை மூடும்போதுதான் லைப்ரரி மாற்றி எழுதும்.

ஒவ்வொரு ஆளுக்கும் மூடி மூடித் திறக்கலாம்தான். அந்தப் பழைய மிஷின் ஒவ்வொரு தடவையும் கரகரவென்று யோசித்துக்கொண்டு நிற்கும், வரிசையில் இருப்பவர்கள் என்னை முறைப்பார்கள். அதனால் காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிற மாதிரி வைத்திருந்தேன், கடை நடத்துகிறவர்கள் மாதிரி. தியாகதுருகத்தில் பள்ளிக்கூடத்தில் நடந்த முதல் முகாம் அப்படியே சிக்கலில்லாமல் முடிந்தது. அடுத்த வாரம் மலைக்குப் போனோம்.

மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் கரியாலூர் போய்ச் சேர்ந்தேன். சிபியுவை இரண்டு மெத்தைக்கு நடுவில் கட்டியிருந்தோம். வளைவுகளில் எனக்கு வாந்தி வந்ததே தவிர மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே கரண்ட்டை நம்ப முடியாது என்பதால், திருவிழாவுக்கு மைக் கட்டும் ரேடியோ செட்காரர் ஒருவரை ஜெனரேட்டரோடு பேசியிருந்தார்கள். அவர் எங்களுக்கு முன்பே வந்து, பலா மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முகாம் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா என்றார். ஜெனரேட்டர் சற்றுத் தள்ளிப் பள்ளத்தில் ஓடியது.

கூட்டம் நன்றாக வந்தது. டாக்டர் அம்மா கண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் முன்னால் ஒரு கழியின் நுனியைப் பிடித்து நடக்க, பின்னால் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா வந்தார். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றில் முற்றி அழுத்தம் ஏறிவிட்டது, இந்த முறை ஆபரேஷன் செய்தால் தப்பிக்கும், அடுத்த முகாம் வரை விட்டால் அந்தக் கண் மிஞ்சாது என்று டாக்டர் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்த முகாம் மழைக்காலம் முடிந்துதான்.

"சாமையில கல்லு பொறுக்க முடியலம்மா. அடுப்புல கைய வச்சிர்றா" என்றார் கணவர்.

பிறகு மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டார். "எங்கூட்டு பொம்பள பேர ஏத்திட்டியாம்மா?"

"ஏத்திட்டேங்க. வெள்ளிக்கெழம வேன் வரும், வந்து நில்லுங்க."

பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலரைப் பதிந்தேன். அவர்களும் கிளம்பினார்கள். வரிசையில் நாலைந்து பேர்தான் பாக்கி. அப்போது பாட்டு நின்றது. கூடவே என் மானிட்டரும் அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் பாட்டு திரும்ப வந்துவிட்டது. ரேடியோ செட்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேலேறி வந்தார்.

"என்ன பண்ணீங்கண்ணா?"

"டீசல் கம்மியா இருந்திச்சு டீச்சர், நிறுத்தி ஊத்துனேன். ரெண்டு நிமிசம்தான். இன்னா இப்போ? என் டேப்பு நின்ன எடத்துலேர்ந்துதானே பாடுது?"

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் தொழிலில் நிறுத்துவது என்றால் அவ்வளவுதான். டேப் நிற்கும், டியூப் லைட் அணையும், திரும்ப வரும். மிஷினைப் போட்டுப் புரோகிராமைத் திறந்தேன். கடைசிப் பெயர் தியாகதுருகத்து ஆள். மலையில் பதிந்த ஒருவரும் இல்லை.

டாக்டர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பேரெல்லாம் யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் இல்லை. பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் வேன் போகும், படுக்கை ஒதுக்குவார்கள். என் சொல்லை நம்பி, கழியைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போன அந்தம்மாதான் கண்முன்னால் நின்றார். எனக்கு அழுகை முட்டியது. வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் யோசித்தேன். எண்தான் மாறவில்லை, ஆட்கள் டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் ஃபைலை ஃப்ளாப்பியில் ஒரு நகல் எடுத்தேன். பிறகு டிஸ்க்கைப் பரிசோதிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஃபைலின் அளவு தப்பாக இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. செய் என்றேன். அளவு மளமளவென்று பெரிதாகிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே உட்கார்ந்து, ஃபைலை நேராகத் திறந்து வால் வரை படித்துக் காட்டும் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். மலையில் பதிந்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பெயர்கள் எங்கே முடிகின்றன என்று பார்த்து, அந்த எண்ணைக் கொண்டுபோய் ஆரம்பத்தில் எழுதினேன்.

ஆனால் பட்டியல் ஒரு மரம் வெட்டுகிறவரோடு நின்றுவிட்டது. அவருக்கு அடுத்து வந்தவர்கள்தான் அந்தக் கணவனும் மனைவியும். கடைசியாகப் பதிந்த ஏழெட்டுப் பேர் டிஸ்க்குக்குப் போகாமல் மிஷினின் நினைவிலேயே இருந்திருக்கிறார்கள், அது அணைந்ததும் அவர்களும் போய்விட்டார்கள்.

ஒரே ஆறுதல், காலையில் வந்து நெடுந்தூரம் போய்விட்டவர்கள் பத்திரமாக இருந்தார்கள். விட்டுப்போனவர்கள் இப்போதுதான் கிளம்பியவர்கள். ஆனால் போனவர்கள் ஒரே வழியில் போகவில்லை, யார் பின்னால் ஓடுவது? ரேடியோ செட்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார்.

"கண்ணு பாக்க வந்து கடேசியா பேர் குடுத்துட்டுப் போனவங்க அல்லாரும் திரும்பி வாங்க. உங்க பேரு இன்னும் ஏறல. வூட்டுக்குப் போவாதீங்க, திரும்பி வாங்க!"

குழாயின் சத்தம் முன்னால் இருக்கும் சரிவு வரைதான் போகும், அதற்கு அந்தப் பக்கம் கேட்காது என்றார்கள் வரிசையில் நின்றவர்கள். அவர்களில் இரண்டு பேர் பாறை விளிம்புக்குப் போய், கையை வாயில் குவித்துக்கொண்டு அதே சேதியை நீட்டி முழக்கினார்கள். எதிர்ச்சரிவில் சாமைக் கொல்லையில் நின்ற யாரோ அதை வாங்கி, தனக்கு அந்தப் பக்கம் கத்தினார்கள். அதற்கும் அப்பால் மெலிதாக ஒரு குரல். சாவுச் சேதி, பஸ் வராத சேதி எல்லாம் மலையில் இப்படித்தான் போகுமாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடைசியாகத்தான் அந்தக் கழி மேடேறி வந்தது. கணவருக்கு மூச்சு வாங்கியது, கோபமும் இருந்தது.

"அப்பவே ஏத்திட்டேன்னு சொன்னியேம்மா. பாதிக் காடு போயிட்டோம்."

"ஏத்துனேங்க. மிஷின் நின்னுபோனதுல அழிஞ்சிடுச்சு."

"இப்ப மட்டும் நிக்காதா?"

பெயர் ஏறியதும் இதில் காட்டுகிறேன் என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். கணவர் அதை ஒருமுறை உற்றுப் பார்த்தார். படிப்பு இல்லாத மனிதர், என்ன தெரியும்? பின்னால் நின்ற அந்தம்மாதான் பேசினார்.

"என்னாண்ட காட்டி இன்னா ஆவப்போவுது? படிக்கச் சொல்லு. காதால கேட்டுக்கினு போவலாம்."

அவர் பெயரைத் திரும்பத் தட்டினேன். மற்றவர்களையும் சேர்த்தேன். ஃபைலை மூடினேன். பிறகு ரேடியோ செட்காரரைப் பார்த்து, ஜெனரேட்டரை நிறுத்துங்கள் என்றேன்.

"வோணாம் டீச்சர்! நான் அதும் பக்கத்துலயே போவ மாட்டேன்."

"நிறுத்துங்கண்ணா. பார்த்துடலாம்."

அவர் பள்ளத்தில் இறங்கி நிறுத்தினார். எல்லாம் அணைந்தது. காற்று வீசும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பவும் ஓட்டச் சொல்லி, மிஷினைப் போட்டு, ஃபைலைத் திறந்து, மைக்கை வாங்கி முதல் பெயரிலிருந்து ஊரோடு சேர்த்துப் படித்தேன். மூன்றாவது நான்காவது பெயரிலேயே எதிர்ச்சரிவிலிருந்து "ஓ…" என்று ஒரு குரல் வந்தது. எங்கள் ஊர் ஆள்தான், கேட்டுவிட்டது என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு சில பெயர்களுக்குப் பதில் வந்தது, சில பெயர்களுக்கு வரவில்லை. அந்தம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் வந்தது. கழியை ஒரு தட்டுத் தட்டி, "வா, போவலாம்" என்று கணவரை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை வேனில் அவர் வந்தார், ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த பிறகு மறுபரிசோதனைக்கு வந்தவர்களைப் பதியவும் நான்தான் போயிருந்தேன். அவர் கழி இல்லாமல் நடந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் பெயரைப் படித்ததும் சட்டென்று நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"நீதானா அது? கொரலக் கேட்டு பெரிய பொம்பளன்னு நெனச்சேன். சின்னப் பொண்ணா கீற!"

அதற்கப்புறம் எத்தனையோ மொழிகளில் எத்தனையோ புரோகிராம் எழுதிவிட்டேன். ஓர் ஆளைச் சேர்த்ததும் ஃபைலை மூடி, மறுபடி திறந்து, படித்துப் பார்த்த பிறகுதான் பதிவாகிவிட்டது என்று என் திரையில் வரும். இது எதற்கு, வேகம் குறைகிறதே என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். வரிசையில் நிற்பவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொள்வார், ஆனால் நம் சொல்லை நம்பிக் காட்டுக்குள் போய்விட்டவரைத் திரும்பக் கூப்பிட எல்லா ஊரிலும் எதிர்ச்சரிவில் ஒரு குரல் இருக்காது.