மாட்டு வாளியில் கிடந்த கரட்

மூன்று வாரத்துக்கு முன் டயகம தேயிலைத் தோட்டத்தில் என் தங்கை செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். வரிசை வீடுகளான லயத்தில், அவள் வீட்டுச் சுவரில் என் கட்டுரையை வெட்டி ஒட்டியிருந்தாள். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

பத்திரிகையின் இதே பத்தியில் எழுதியதுதான். வயிற்றோட்டமா... வயிற்றுக்கு இரண்டு நாள் லீவு கொடுங்கள், ரஸ்க்கும் வெறுந்தேத்தண்ணீரும் போதும் என்று. உங்களில் சிலர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்கள்.

செல்வி அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அவள் மகள் தர்ஷிக்கு மூன்று வயது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக வயிற்றால் போய், துவைத்த துணி மாதிரி என் மடியில் கிடந்தாள்.

மிட்வைஃப் மிஸ் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். சுவரையும் பார்த்தார்.

"இத எந்த மடையன் எழுதுனது?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.

"போன கிளினிக்ல விட்டமின் ஏ குடுத்தோமே, ஏன் வரல?"

"கொழுந்து கூடுன நாளுங்க மிஸ். வேலைய விட்டுட்டு வர முடியல."

"கரட்டாவது குடுக்குறீங்களா?"

லயத்துக்குப் பின்னால் மச்சான் முருகேசு பயிர் போடுவதே கரட்தான். நேரானது கழுவி மூட்டையில் லொறிக்குப் போகும். வெடித்ததும் கோணலானதும் மாட்டு வாளிக்கு. அந்த லயத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். மாடு பளபளவென்று நின்றது.

"வயித்தால போற புள்ளைக்குக் கரட் தாங்குமாங்க மிஸ்?" என்றார் மச்சான்.

"சாப்பாட்ட நிப்பாட்டுனாதான் தாங்காது. ஜீவனி பக்கெட்டத் தண்ணில கரைச்சுக் குடுத்துக்கிட்டே ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வந்தப்பொறம் கரட்ட அவிச்சு மசிச்சு, ரெண்டு சொட்டு எண்ணெ விட்டுச் சோத்தோட குடுங்க."

செல்வி சுவரிலிருந்து என் கட்டுரையைக் கிழித்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே." கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, இருப்பதிலேயே நல்ல கரட்டாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள்.

"அடியே, அது லொறிக்கு ஏத்துற சாமான்" என்றார் மச்சான்.

"லொறி என்ன வயித்தால போயி படுத்தா கெடக்கு? மொதல்ல எம்புள்ள. மிச்சந்தான் லொறிக்கு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மச்சான் குடையோடு பின்னால் ஓடினார்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன் — எழுதுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. குடலின் உள்சுவர் சில நாளுக்கொரு தடவை புதிதாக வளர்கிறது. அது ஒழுங்காக வளர விட்டமின் ஏ வேண்டும். இன்னொன்றும் படித்தேன். கிருமியோடு சண்டை போடும் அணுக்களுக்கு எங்கே போவதென்று தானாகத் தெரியாதாம். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கங்காணி ஆட்களைப் பிரித்து, 'நீங்க அஞ்சாம் நம்பர் மலைக்கு' என்று அனுப்புகிறாரே... அதுபோல 'நீங்க குடலுக்கு' என்று அனுப்புவதில் விட்டமின் ஏவுக்குப் பெரிய பங்கு. கங்காணி வராத பெரட்டு எப்படி இருக்கும்? ஆள் நிற்கும், வேலை நடக்காது.

ஒவ்வொரு வயிற்றோட்டமும் உடம்பின் கையிருப்பில் உள்ள கொஞ்ச விட்டமின் ஏவையும் கரைக்கும். அடுத்த கிருமிக்குக் கதவு திறந்தே கிடக்கும். அந்த நேரம் பார்த்து நான் கங்காணிக்கே லீவு கொடுத்திருக்கிறேன்.

அதற்காக விட்டமின் மாத்திரையை அள்ளிப் போடாதீர்கள், மிஞ்சினால் அதுவும் கெடுதல். மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்துவிட்டுக் கரட்டின்மேல் பழி போடவும் வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் நல்ல தண்ணீர் கேட்டு நாம் போடும் சண்டையைக் கரட்டைக் காட்டி யாரும் முடித்துவைக்கவும் முடியாது.

ஆனால் ஒன்று. நம் கையால் விளைந்தது முதலில் நம் பிள்ளைகளின் தட்டுக்கு. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதாக இல்லை.

நேற்று போன் செய்தேன். தர்ஷி கோழியை விரட்டிக்கொண்டு திரிகிறாளாம். லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்களிலும் இப்போது பிள்ளைகளுக்கு எடுத்து வைத்த பிறகுதான் மூட்டை கட்டுகிறார்களாம். வெடித்த கரட்டும் சட்டிக்கே போகிறதாம். லொறிக்காரர் முணுமுணுக்கிறாராம், மாடு முறைக்கிறதாம்.

முறைக்கட்டும். அதற்கு நாலு வயிறு. தர்ஷிக்கு ஒன்றுதான்.