நாகலெட்சுமியின் அதிரசப் பாகு

எங்கள் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் சமையல் பக்குவம் கேட்டு யார் போனாலும் நாகலெட்சுமி மறைக்க மாட்டாள். கொழுந்து பறிக்கும்போதே அடுத்த நிரைக்காரிக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்வாள். அவள் சொன்ன கொள்ளு ரசத்தைக் குடித்துக் கங்காணிக்கே சளி இறங்கியிருக்கிறது. அவளோடு கொழுந்து பறிக்க வந்த நாளிலிருந்து நானும் அவளும் சிநேகிதம். நான் சொல்லிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைத் தன் ஊறுகாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். போகட்டும் என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அதிரசம் மட்டும்தான் என் வயிற்றெரிச்சல். அவள் சுட்டால் விரலில் எண்ணெய் ஒட்டாமல், பல்லுக்கு இதமாக இருக்கும். அவள் சொன்னபடியே அரிசியை ஊறவைத்து இடித்து, கித்துள் கருப்பட்டியில் பாகு காய்ச்சி நான் சுட்டால், போட்டது போட்டபடி எண்ணெயில் கரைந்து போகும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருள்கிறதா என்றும் பார்த்தேன். இந்த மலைக்குளிரில் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் விட்டால் எந்தப் பாகுதான் உருளாது! பதம் வருமுன்பே உருண்டு என்னை ஏமாற்றியது.

இந்த நிலைமையில்தான் என் மகள் அழகம்மைக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அன்னம்மா உடப்புசல்லாவைக்காரி. தட்டில் என்ன வைக்கிறார்கள் என்பதை வைத்தே குடும்பத்தை எடை போடுகிறவள். முன்பு ஒரு இடத்தில் முறுக்கு நமுத்துப் போயிருந்ததென்று பரிசத் தட்டைத் தொடாமலே எழுந்து வந்தவளாம். “பரிசத்துக்கு அதிரசம் உண்டுல்ல சம்மந்தி? பொண்ணு வீட்டு அடுப்புல வெச்ச பாகாத்தான் இருக்கணும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

நான் இருப்பது தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில். நேரே மேக்கணக்கு லயத்துக்கு ஏறிப் போய் நாகலெட்சுமியைப் பிடித்தேன்.

“என்னத்தடி மறைக்கிற? எம்மக வாழ்க்கைடி இது!”

“மாரியாத்தா மேல சத்தியமா எதையும் மறைக்கல ராசம்மா. நானே வந்து காய்ச்சித் தாரேன், போதுமா?”

வந்தாள். என் அடுப்பில், என் கண் முன்னால் காய்ச்சினாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறவள் மாதிரியே நின்றாள். கடைசியில் பாகு கருகும் தறுவாயில் அலறியடித்து இறக்கினாள். மறுநாள் சுட்ட அதிரசத்தைக் கீழே போட்டால் டங்கென்று சத்தம் கேட்டது. அழகம்மை ஒன்றைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நாகலெட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என் கைக்கு என்னமோ ஆயிருச்சுடி” என்று அழுதாள்.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குப் பட்டது. மிச்சமிருந்த கருப்பட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். “உன் அடுப்புல வெச்சுக் காட்டு” என்றேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளைப் பற்றித்தான் தெரியுமே. நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்த வீட்டுப் புகை அந்த வீட்டில், அந்த வீட்டுச் சண்டை இந்த வீட்டில். பக்கத்து வீடு மாயாண்டியினுடையது. அவன் பெண்சாதி பேச்சியம்மா வாயில்லாப் பூச்சி.

பாகு கொதித்துக் குமிழியிட்டது. வீடெல்லாம் மணம் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் மாயாண்டி ஆரம்பித்தான்.

“ஏ பேச்சி! பக்கத்து வீட்ட மோந்து பாரு! நீயும்தான் அடுப்பு மூட்டுற, என்னத்துக்கு ஆச்சு?”

அவன் வாயை மூடுமுன் நாகலெட்சுமி சட்டியை இறக்கிவிட்டாள். தொட்டுப் பார்த்தேன். அச்சுப் பதம்!

“இப்ப ஏன்டி எறக்குன?”

“எறக்குற நேரம் வந்துச்சு, எறக்குனேன்.”

“மாயாண்டி அண்ணன் கத்தலன்னா எறக்கியிருப்பியா?”

அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “அடிப் பாவி மகளே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தோட்டம் முழுக்கப் பக்குவம் சொன்னவள், அந்தப் பக்குவத்தில் மாயாண்டி இருப்பது தெரியாமலே சொல்லியிருக்கிறாள்!

அப்புறம் என்ன, மாயாண்டியையும் பேச்சியம்மாவையும் கீழ்க்கணக்குக்கு விருந்துக்கு அழைத்தேன். எதற்கென்று மூச்சு விடவில்லை. என் பக்கத்து வீட்டு அழகனிடம் கெஞ்சி, அவன் வீட்டில் சாக்கு விரித்து இருவரையும் உட்காரவைத்தேன். வெற்றிலை, பாக்கு, கருப்பட்டி போட்ட வெறுந்தேயிலைச் சாயத்தண்ணி. சுவருக்கு இந்தப் பக்கம் நாகலெட்சுமி பாகை ஏற்றினாள்.

அங்கேதான் என் புத்தி செருப்பால் அடிபட்டது. அவனை அப்படி யாரும் உபசரித்ததே இல்லை போலிருக்கிறது. மணம் ஏற ஏற அவன் குழைந்தான்.

“பேச்சி, நல்லா சாஞ்சு உக்காரு. எம்புட்டு நல்ல மனுசங்க பாத்தியா!”

பாகு தளதளவென்று கொதித்தது. நாகலெட்சுமி காதைச் சுவரில் வைத்தபடி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தான். பாவிப் பயல், சிரிக்கிற நேரமா இது! என் மகள் பரிசம் அந்தச் சட்டிக்குள் கருகப் போகிறது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது ஒரு குரல் கூரையைப் பிளந்தது.

“ஏய்யா! இப்ப மட்டும் என்ன இளிப்பு? இந்த மணம் வந்தா என்னையத்தான வைவ? வையிய்யா! வாயில என்ன கொழுக்கட்டையா?”

பேச்சியம்மா! திட்டுச் சத்தம் காதில் விழுந்ததும் பழக்கத்தில் நாகலெட்சுமியின் கை சட்டியை இறக்கிவிட்டது. பாகைத் தொட்டு உருட்டினேன். அதே பதம், இம்மியும் பிசகவில்லை.

பேச்சியம்மா தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தாள். “கோவிச்சுக்காதீங்க அக்கா. இந்த மணம் வந்தாலே அடுத்தது ஏச்சுதான்னு முதுகு கூசும். இன்னிக்கு அவரு சும்மா இருந்தாரா, என்னால தாங்க முடியல.”

நாகலெட்சுமி அவளைக் கட்டிக்கொண்டாள். “என் பாகாலயாடி நீ இத்தன வருசமா வசவு வாங்குன?” என்று அழுதாள்.

பரிசத்தன்று அன்னம்மா அந்தப் பாகில் சுட்ட அதிரசத்தைப் பிட்டாள், முகர்ந்தாள், தின்றாள். இன்னொன்றும் எடுத்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“யாரு சம்மந்தி பக்குவம் இது?”

என் ஊறுகாயைத் தன்னுடையது என்று சொன்ன அந்த நாகலெட்சுமி, கை நீட்டிப் பேச்சியம்மாவைக் காட்டினாள். அன்னம்மா எழுந்துபோய்ப் பேச்சியம்மாவுக்குத் தன் கையால் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

மாயாண்டி வாய் நிறைய அதிரசத்தோடு தொண்டையைச் செருமினான். “ஏ பேச்சி, இம்புட்டுத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வீட்டுல மட்டும் ஏன்...”

பேச்சியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “பேசாமத் தின்னுங்க. பாகு எறக்கியாச்சு.”